“சிங்களத்துக்கு மாறப் போறேன்”

குருவிட்டையிலிருந்து இரத்தினபுரி போகும் பஸ்ஸில், கண் மங்கிய நாளிலிருந்து வழக்கம்போல் நிறுத்தங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் கெம்பஸ் மாணவிகள் இருவர். ஒருத்தி சொன்னாள்:

“அப்பாகிட்ட, நான் சிங்களத்துக்கு மாறப் போறேன்னு சொல்லிட்டேன்டி.”

எனக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. இனி எங்கே இறங்குவதோ.

“ஐயோ! என்ன சொன்னாரு?”

“‘பையன் யாரு?’ன்னு கேட்டாரு. அம்மா அழ ஆரம்பிச்சிருச்சி. தோட்டத்து லயத்துல அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் எங்க வாசல்ல.”

இருவரும் சிரித்துச் சிரித்துக் கம்பியில் சாய்ந்தார்கள்.

“பாடத்த மாத்துறேன்னு சொல்லலியா?”

“அப்புறந்தான் சொன்னேன். ‘பொருளியல் மூணு வருஷம் படிச்சும் மண்டையில ஏறலப்பா, சிங்களம்னா எனக்கு நல்லா வரும், ஆனா ரெண்டு வருஷம் கூடப் படிக்கணும்’னு.”

“ரெண்டு வருஷமா! திட்டுனாரா?”

“எங்க திட்டுனாரு? ‘அட, பாடந்தானா! நாலு வருஷம்னாலும் படி மவளே’ன்னு அம்மாவுக்கு அவரே தேத்தண்ணி ஊத்திக் குடுத்தாரு.”

மறுபடியும் சிரிப்பு. பிறகு தோழி குரலைத் தாழ்த்தினாள். என் காது இன்னும் நன்றாகவே கேட்கும்.

“அப்ப நெசமான சிங்களப் பையன பத்தி, அதான் நம்ம நுவன் மாத்தயா, எப்ப சொல்லப் போற?”

“அதுக்குத்தான்டி அந்த ரெண்டு வருஷம்!”