துவைக்க வந்த ஏழாம் நம்பர்

ஹலோ... ஆங், அக்காதான்டா. இரு, வாயில கிளிப்பு இருக்கு... ம், இப்பப் பேசு. பால்கனியில நின்னு ஜெர்சி காயப்போட்டுட்டு இருக்கேன்.

...எங்க காலேஜ் பேஸ்கட்பால் டீம் ஜெர்சிதான். போறவளுங்க எல்லாம் திருப்பிக் குடுத்தது, ஒரு மூட்டை! ... ஏன், கோச்சுன்னா துவைக்கக் கூடாதா? நீயும்தான் கோச்சு. உங்க காலேஜ்ல துவைக்க ஆள் வெச்சிருக்காங்க, நீ பேசுவ.

...ஆமா, ஆமா. நானே கூப்பிட்டுத் திட்டணும்னு இருந்தேன், நீயே வந்து மாட்டிக்கிட்ட. எங்க மின்னலை ஏன்டா உங்க டீமுக்குத் தூக்கின? ... தானா வந்தாளா? தானா வர்றதுக்கு அவ என்ன பூனைக்குட்டியா? பந்தைத் தட்டிட்டு ஓடுறதுக்குன்னு என்கிட்ட இருந்தவ அவ ஒருத்திதான். கூடப்பொறந்த அக்கான்னுகூட பார்க்காம... சிரி, நல்லா சிரி.

நெட்டச்சியா? அவ படிப்பு முடிஞ்சு ஏர்போர்ட்ல வேலைக்குச் சேர்ந்துட்டா. கூடைக்குக் கீழ நின்னு சும்மா கையைத் தூக்கினாலே பந்து வந்து உட்காரும். இனிமே அந்தக் கை பெட்டி தூக்கத்தான். கேப்டனும் முடிச்சிட்டா... ஆமாடா, பாதி டீம் காலி.

யாரை வெச்சு ஆடப் போறேனா? ஹை ஜம்ப்காரி ஒருத்தியைப் பிடிச்சிருக்கேன். என்னமா எகிறுறா தெரியுமா! ... என்ன, பந்தைக் கீழ வெச்சிட்டு எகிறுறா. ... சிரிக்காத. கத்துக்குவா.

இல்லடா, விளையாட்டுப் பேச்சில்ல. இந்தத் தடவை லீக்ல முதல் எட்டு டீமுக்குள்ள வரலேன்னா கீழ் டிவிஷனுக்குத் தள்ளிடுவாங்க. அப்புறம் எவ வந்து எங்ககிட்ட சேருவா? உன்னை மாதிரி ஆளுங்க நல்லவளுங்களா பார்த்து அள்ளிக்கிட்டுப் போயிடுவீங்க... ஆமா. அதான் பயமே.

ஆனா தூக்கம் ஒண்ணும் கெடல. உன் மருமக இருக்காளே! ... அவளும் டிகிரி முடிச்சிட்டாதான். மேல்படிப்பும் எங்க காலேஜ்லதான படிக்கப் போறா? அவளை நடுவுல நிறுத்தி, மத்த நாலு பேரைச் சுத்தி ஓட விட்டா... பெத்தவளா சொல்லலடா, கோச்சா சொல்றேன். பந்து அவ சொன்ன பேச்சு கேக்குது. அவளை வெச்சே எல்லா ஆட்டத்துக்கும் யார் எங்க ஓடணும்னு படம் போட்டு ஃபிரிட்ஜ் கதவு முழுக்க ஒட்டியிருக்கேன். பால் எடுக்கப் போனாலும் அம்புக்குறிதான்.

...அட, இதப் பாரேன். மறதிக்காரி! தன்னோட ஏழாம் நம்பரையும் இந்த மூட்டையிலயே போட்டு வெச்சிருக்கா. போறவளுங்க துணியோட இது எதுக்கு...

ஹலோ? ... ஹலோ, லைன்ல இருக்கியா? ... பின்ன ஏன் பேச மாட்டேங்கிற?

டேய்.

...எப்போ? ... மேல்படிப்புக்கு உங்க காலேஜ்லயா? ... சீட்டே கிடைச்சிடுச்சா! ... ம்... ம்... சொல்லு, கேட்டுட்டுதான் இருக்கேன்.

அப்போ இதைச் சொல்லத்தான் போன் பண்ணினியா? அவதான் சொல்லச் சொன்னாளா? ... பயமா? என்கிட்டயா? நெட்டச்சியையே இடிச்சுத் தள்ளிட்டுப் போறவளுக்கு என்னைப் பார்த்துப் பயமா? ... அழுதாளா? ... எப்படா அழுதா? என் படத்துக்கெல்லாம் அவதானடா டேப் கிழிச்சுக் குடுத்தா...

ஏனாம்? ... யாரு, கூட ஆடுறவளுங்களேவா? ... கோச் பொண்ணுன்னா? கோச் பொண்ணுதான, அதுல என்ன... ஓ. ... ஓ. எவ்வளவு நல்லா ஆடினாலும் அதையேதான் சொல்றாளுங்களா. ... புரியுதுடா. புரியாம என்ன. தான் ஆடுறது தன் ஆட்டம்தான்னு அவளுக்கே தெரியணும்.

...வலிக்குதுதான். வலிக்காம இருக்குமா? டீம் போச்சேன்னு இல்ல... சரி, பொய் எதுக்கு, டீம் போச்சேன்னும்தான்.

போதும் போதும், சமாதானம் பண்ணாத. நான் சொல்றதைக் கேளு. ஆரம்பத்துல கொஞ்சம் சொதப்புவா. உடனே வெளிய எடுத்துடாத, மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கும். விட்டுடு, தானா சூடு பிடிப்பா. அப்புறம் அந்த இடது பக்கம்... ஏய், இரு இரு! உனக்கு எதுக்கு இதையெல்லாம் சொல்லிட்டு இருக்கேன்? எங்களுக்கும் உங்களுக்கும் மேட்ச் வரும்ல? இடது பக்கத்தை நீயே கண்டுபிடிச்சுக்கோ. ஹை ஜம்ப்காரியைத்தான் அவளுக்கு எதிரா நிறுத்தப் போறேன் பாரு... பந்தோடவே எகிறுவா, அதுக்குள்ள கத்துக் குடுத்துடுவேன்!

என்னது, விட்டுக் குடுப்பேனாவா? கோர்ட்டுக்குள்ள வந்துட்டா பொண்ணாவது ஒண்ணாவது... ம். அவளும் அதைத்தானடா கேக்குறா.

இரு, கேட் சத்தம். அவதான். மேல வராம கீழயே நின்னு செருப்பைக் கழட்டி மாட்டி, கழட்டி மாட்டி... என்னைப் பார்த்துட்டா. முழிக்கிற முழியைப் பாரு. ... திட்ட மாட்டேன்டா. ... ஆமா, அழுதேன், இப்ப என்ன அதுக்கு?

ஏய், மேல வாடி! மாமா எல்லாத்தையும் சொல்லிட்டான்! ... உன்னைத்தான், வா!

வைடா போனை. எதிர் டீம்காரி ஒருத்தி பசியோட வந்து நிக்கிறா, சோறு போடணும்.