முப்பத்தொரு பேர் நலம்

— இந்தக் கட்டத்துல என்ன எழுத, சார்? 'ஆய்வினால் சமூகத்துக்கு விளைந்த பயன்'னு இருக்கு. நாலு வரிக்கு மேல போகக் கூடாதாம்.

— இருபது வருஷ உழைப்புக்கு நாலு வரியா? சரி, விருது குடுக்கறவங்க சொன்னா கேட்டுத்தானே ஆகணும். எழுதிக்கோம்மா. என் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பேர்.

— நேத்து பதினொண்ணுதானே இருந்துச்சு?

— காலையில ஒண்ணு கூடியிருக்கு. அதாவது, நான் எந்நேரமும் அதையே பார்த்துக்கிட்டு இருக்கிறதில்ல. பல் தேய்க்கும்போது மட்டும் பார்ப்பேன்.

— எழுதிட்டேன் சார். அடுத்து?

— ஆளுமைக் கோளாறு உள்ளவர்களுக்கு வருஷக்கணக்கில் சிகிச்சை தேவையில்லை, ஆறு அமர்வு பேசினாலே போதும் என நிறுவியது. நாற்பது பேரில் முப்பத்தொரு பேர் ஆறு மாதம் கழித்தும் நலம். என்னம்மா, பேனா நின்னுருச்சு?

— நீங்க கையெழுத்துப் போடறதுக்குள்ள ஒண்ணு சொல்லணும் சார். நாலு நாளா சோறு இறங்கல.

— லீவுதானே? எடுத்துக்கோ. விழா முடியட்டும்.

— லீவு இல்ல சார். எங்க அக்கா பொண்ணு ஒருத்தி இருக்காள்ல, கோபம் வந்தா தன்னையே காயப்படுத்திக்கிறவ. அவளை ஒரு டாக்டர் ஆறு தடவை பார்த்துட்டு, போதும், வீட்டுக்குப் போங்கன்னு அனுப்பிட்டார். 'இன்னும் அப்படியேதானே இருக்கா'ன்னு அக்கா கேட்டிருக்கா. அந்த டாக்டர் ஒரு தாளை எடுத்து நீட்டினாராம். உங்க கட்டுரை.

— அதாவது, அவரும் மேற்கோள் காட்டியிருக்கார்.

— ஆமா சார். அதையும் சேர்த்துக்கணும்னா பதிமூணு.

— கோவிச்சுக்காதே. பொதுவா எந்த சிகிச்சையும் எல்லாருக்கும் பலிக்காது. ஒன்பது பேருக்குப் பலிக்கலைன்னு நானே ஒளிக்காம எழுதியிருக்கேனே.

— அந்த ஒன்பது பேர் போனை எடுக்கல சார்.

— என்னது?

— ஆறு மாசம் கழிச்சு எல்லாருக்கும் போன் போட்டு விசாரிக்கச் சொல்லி ஒரு தாள் கட்டு குடுத்தாங்கல்ல, ஆளுக்கு அம்பத்திரண்டு கேள்வி. நான் வேலைக்குச் சேர்ந்து அஞ்சாம் நாள். வாசல் மேசையில இருந்தது ஒரே ஒரு போன். எதிர்ல பன்னிரண்டு பேர் வரிசையா உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கிட்டு இருக்காங்க. 'உங்களுக்கு உள்ளுக்குள்ள வெறுமையா இருக்கா? எப்போதாவதா, அடிக்கடியா?' இதை எப்படி சார் சத்தமா கேட்கிறது?

— கேட்கலையா?

— 'நல்லா இருக்கீங்களா'ன்னு கேட்டேன்.

— ம்.

— 'நல்லா இருக்கேன்'னாங்க.

— எல்லாருமா?

— வேற என்ன சார் சொல்வாங்க? கூரை பத்தி எரிஞ்சாலும் 'நல்லா இருக்கேன், நீங்க எப்படி இருக்கீங்க'ன்னு சொல்லிட்டுத்தானே நம்ம ஆளுங்க தண்ணி தேடுவாங்க. ஒருத்தர் எனக்கு சளி பிடிச்சிருக்கான்னு அக்கறையா விசாரிச்சார்.

— அம்பத்திரண்டு கேள்விக்கும் பதில் இருந்துச்சேம்மா. நானே கூட்டிப் பார்த்தேனே.

— நான் போட்டதுதான் சார். எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு போட்டா சந்தேகம் வரும்னு அங்கங்க ஒரு 'எப்போதாவது' தூவினேன்.

— அந்த 'எப்போதாவது' எங்கெங்க வருதுன்னு நான் தனியா ஒரு கட்டுரை எழுதியிருக்கேன்.

— தெரியும். நான்தானே டைப் பண்ணேன். அதுக்குப் பாராட்டு வந்தப்ப கேக் வெட்டி எனக்கு ரெண்டு துண்டு குடுத்தீங்க. ரெண்டையும் தின்னேன். அதை நினைச்சாத்தான் உடம்பு கூசுது.

— இத்தனை வருஷமா ஏன் வாய் திறக்கல?

— முதல்ல வேலை போயிருமேன்னு பயம். நூறு பேர் மேற்கோள் காட்டினதும், இவ்வளவு படிச்சவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகுதுன்னு விட்டுட்டேன். ஆயிரம் தாண்டினப்ப, நிஜமாவே குணமாகித்தான் இருந்தாங்களோன்னு எனக்கே தோணிருச்சு சார்.

— அது எல்லாருக்கும் தோணும்.

— இப்ப நீங்க ஒரு கடிதம் எழுதணும். உங்க கட்டுரையைப் போட்ட பத்திரிகைக்கு. விசாரணையே நடக்கல, அந்த முப்பத்தொண்ணு பொய்னு. அந்த டாக்டர் கையில வேற தாள் குடுத்தாத்தான் எங்க பொண்ணை மறுபடி பார்ப்பார். என் பேரையே போட்டுக்கோங்க. நான் மறுக்க மாட்டேன்.

— உன் பேரைப் போட்டா, தப்பு வாசல் மேசையில நடந்துச்சுன்னு எழுதி மூடிருவாங்க. எனக்கு விருதும் கிடைச்சுரும்.

— அங்கதானே சார் நடந்துச்சு?

— அன்னிக்கு போனை எடுத்தவங்க எல்லாருமே நோயாளிங்களா?

— ஒருத்தர் தவிர. பதினேழாம் நம்பர். வீட்டு ஆள் யாரோ எடுத்தார். 'அவர் நல்லா இருக்காரா'ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. லைன் போயிருச்சுன்னு நினைச்சேன். அப்புறம் 'நல்லா இருக்கான்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வெச்சுட்டார். எனக்கென்னவோ போல இருந்துச்சு. உங்ககிட்ட கேட்கலாம்னா, அந்த வாரம் பூரா நீங்க லீவு. உங்க முகத்தையே அதுக்கப்புறம்தான் பார்த்தேன்.

— எதுக்கு லீவுன்னு நீ கேட்டதே இல்லை.

— பெரியவங்ககிட்ட எப்படி சார் அதெல்லாம் கேட்கிறது?

— நம்ம வீட்டு ஆளுக்கு நாமளே சிகிச்சை குடுக்கக் கூடாதுன்னு முதல் வருஷமே சொல்லிக் குடுப்பாங்க. நானே அதைப் பாடமா நடத்துறேன். தம்பியாச்சேன்னு செஞ்சேன். பேர் வேண்டாம், நம்பர் போதும்னு போட்டுட்டேன். ஆறாவது தடவை, 'இனிமே வர வேண்டாம்டா, உனக்கு சரியாயிருச்சு'ன்னேன். 'இல்லண்ணா'ன்னான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

— சார்.

— அந்தப் படிவத்தை ஓரமா வை. வேற தாள் எடு. 'ஆசிரியருக்கு'ன்னு ஆரம்பி.

— எடுத்துட்டேன். சொல்லுங்க சார்.

— 'பதினேழாம் நபர் வீட்டை விட்டுப் போன மூன்றாம் நாள் அந்த போன் வந்தது. இன்றுவரை அவன் திரும்பவில்லை. எடுத்து, நல்லா இருக்கான் என்று சொன்னவன் நான்.'