சாம்பல் நிற அடிப்பலகை

குளியலறை அலமாரிக்கு அடிப்பலகை தேர்ந்தெடுப்பது பார்ப்பதற்குத்தான் சின்ன வேலை. வாஷ்பேசினுக்குக் கீழே கால் வைத்த அலமாரியை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதன் அடிக்கும் தரைக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். அதை மூடுகிற நீளப் பட்டைதான் அடிப்பலகை. அது இல்லாத அலமாரி பொத்தான் போடாத சட்டை மாதிரி நிற்கும். மரம் ஈரத்தில் ஊதிப்போகும். அலுமினியத்தில் தண்ணீர்க்கறை நிற்கும். கடை கடையாக ஏறி இறங்கினேன். அவசரப்பட்டு எதையும் வாங்குகிறவனில்லை நான்.

அக்காவைப் பற்றித்தானே கேட்டீர்கள். அவளிடம்தான் வந்துகொண்டிருக்கிறேன்.

பக்கவாதம் வந்த பிறகு அவள் என்னோடு இருந்தாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறேன். எனவே நான் பார்த்துக்கொள்வதுதான் சரி என்று உறவினர்கள் முடிவு செய்தார்கள். நானும் மறுக்கவில்லை. அவளுக்கு ஒரு கால் இழுக்கும். ஒரு கையில் வலுவில்லை. நாக்குக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

கட்டிலருகே அவளுக்கு ஒரு ஸ்விட்ச் இருந்தது. குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தாள். அதன்பிறகு எலெக்ட்ரீஷியன் இன்னொரு ஸ்விட்சை அலமாரியின் முன்காலில், அடியில், பொருத்தினார். விழுந்தவர்களுக்குச் சுவர் எட்டாது, தரைதான் எட்டும் என்றார். நல்ல யோசனைதான். எதை அழுத்தினாலும் என் மேஜைக்கு மேலே இருந்த ஒரே மணி அடிக்கும்.

மணி அடிக்கும். எழுந்து போவேன்.

"டேய், வெளில மழை பெய்யுதா?"

"ஜன்னல் உன் தலைமாட்டுலதானேக்கா இருக்கு?"

"நீ பாத்துச் சொன்னா ஒரு நம்பிக்கை."

திரும்பி வந்து உட்கார்வேன். மறுபடி அடிக்கும்.

"என்னடா படிக்கிறே? அதுல எவனாவது சாகப்போறானா?"

"இன்னும் இல்ல."

"அப்ப அவன் இருப்பான். நீ வந்து போர்வையை இழுத்து விடு."

நான் அவளை வெறுக்கவில்லை. அப்படி எழுதிவிடாதீர்கள். ஒரு வரியைப் படித்தால் அது உள்ளே இறங்கும்வரை நான் சும்மா இருக்க வேண்டும். என் சுபாவம் அது. வருடக்கணக்கில் ஒரு வரிகூட இறங்கவில்லை. களைத்துப்போயிருந்தேன், அவ்வளவுதான்.

கட்டிலருகே இருந்த ஸ்விட்சைக் கழற்றியிருக்கலாமே என்கிறீர்கள். கழற்றியிருந்தால் அன்றே கேட்டிருப்பாள்.

பலகையை நானே மாட்டினேன். அக்கா தடியை ஊன்றிக்கொண்டு கதவோரம் வந்து நின்றாள்.

"என் ஸ்விட்சை எங்கடா ஒளிச்சு வச்சே?"

"பின்னாலதான் இருக்குக்கா. பலகை வெறும் கிளிப்புல நிக்குது. இழுத்தா கையோட வந்துடும், பாரு."

இழுத்துக் காட்டினேன். வந்தது.

"அழகாத்தான் இருக்கு. இந்த வீட்டுல நேரா நிக்கிறது இது ஒண்ணுதான். என்னையும் சேத்துத்தான் சொல்றேன்."

இருவரும் சிரித்தோம். அவளோடு சிரிப்பது எப்போதுமே எளிது.

சில நாள் கழித்து, அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது, பலகையின் விளிம்பு முழுக்க சிலிக்கான் பசை பூசினேன். தண்ணீர் உள்ளே போகாமலிருக்கப் பலரும் பூசுவதுதான். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். காய்ந்ததும் இழுத்துப் பார்த்தேன். என் இரண்டு கைக்கும் அது அசையவில்லை. அதைப் பற்றி அவளிடம் பேச்சு எழவில்லை.

நீங்கள் கேட்கிற அந்த நாள் மத்தியானம் குளிக்கப் போனாள். கனமாக ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. நிமிர்ந்து மணியைப் பார்த்தேன். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது: தேவையென்றால் மணி அடிக்க வேண்டும், கத்தக் கூடாது. மணி அடிக்கவில்லை. "தம்பி" என்று ஒரு குரல் வந்தது. அவள் என்னை 'டேய்' என்றுதான் கூப்பிடுவாள். பயந்தால் மட்டும் 'தம்பி.' பிறகு சுரண்டுகிற ஓசை, எலி மரத்தைச் சுரண்டுவது போல. விட்டு விட்டுக் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

அப்படியொரு அமைதியை அந்த வீட்டில் நான் மறந்தே போயிருந்தேன். கையிலிருந்த வரி உள்ளே இறங்கியது. அத்தியாயத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். தலையில் அடி, ரத்தம் நிறையப் போய்விட்டது, உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம்.

ஏன் சாம்பல் நிறம் என்றும் கேட்டீர்கள். கடைக்காரர் வெள்ளையைத்தான் எடுத்துப் போட்டார். நகத்தால் சுரண்டினால் தடம் தெரியுமா என்று கேட்டேன்.

"வீட்ல சின்னப் பசங்க இருக்காங்களா சார்?"

"அக்கா இருக்காங்க."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப இந்தச் சாம்பலை எடுத்துட்டுப் போங்க. எப்படிச் சுரண்டினாலும் தெரியாது."

அவர் சொன்னது சரிதான். பலகையில் ஒன்றும் தெரியவில்லை. அவள் நகக்கண்ணில் பசை ஒட்டியிருக்கும் என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை. ஆமாம், நான்தான் செய்தேன். யோசித்துத்தான் செய்தேன். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். இதை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்: மணி அடித்திருந்தால் எழுந்து போயிருப்பேன். அவள் மணி அடித்து நான் போகாமல் இருந்ததே இல்லை.