வழக்கம்போல உள்ளே நுழையவும்

தலைமை ஏற்றிருக்கும் செயற்பொறியாளர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, இடப்பக்கம் இருக்கும் என் குடிநீர் அலுவலகத் தோழர்களே, வலப்பக்கம் மடிக்கணினிப் பையை மடியில் வைத்திருக்கும் இணையக் குழு நண்பர்களே, முதல் வரிசையில் இருக்கும், மறைந்த நண்பரின் துணைவியாரான என் தங்கையே! கனத்த மனத்தோடு உங்கள் முன் நிற்கிறேன்.

இந்த மைக் கரகரக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் கரகரத்தால் அவர் எழுந்து வருவார், எதையோ திருகுவார், போய் உட்கார்ந்துவிடுவார். எதைத் திருகினார் என்று நம்மில் யாராவது ஒரு நாள் பார்த்தோமா? பார்க்கவில்லை! நானும் பார்க்கவில்லை.

பம்பு பராமரிப்புப் பொறியாளர், நம் அன்புக்குரிய ஒருநொடியார் பணியிலிருந்தபோதே மறைந்து இன்றோடு பதினொரு நாள். எதைக் கேட்டாலும் "ஒரு நொடி வேலை" என்பார். அதுவே அவர் பெயராகிவிட்டது. கோடையில் மூன்றாம் பம்பு நின்றபோது, தொலைபேசியில் அதன் சத்தத்தை மட்டும் கேட்டு, எந்தப் பேரிங் தேய்ந்தது என்று சொன்னவர் ஒருநொடியார்! வீட்டைக் கணினியால் இயக்கும் ஆர்வலர்கள் நாலாயிரம் பேர் கொண்ட இணையக் குழுவில், முகம் தெரியாதவர்களுக்குப் பத்தொன்பதாயிரம் பதில் எழுதியவர் ஒருநொடியார்!

நான் பதிவறைக் கண்காணிப்பாளன். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்தக் கோப்பையும் எடுத்துத் தருவேன். ஆனால் பிரிண்டரைக் கண்டால் இரண்டடி தள்ளித்தான் நிற்பேன். "எனக்கும் கொஞ்சம் கத்துக்குடு தம்பி" என்று ஒரு முறை கேட்டேன். "நீங்க எதுக்குண்ணே கஷ்டப்படணும்? நான் இருக்கேன்ல" என்றார். எனக்கு அன்று பெரிய நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் இன்று வெட்கமாக இருக்கிறது.

மூன்று நாள் முன்பு, மாலை ஆறரை மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் தள்ளினேன், நகரவில்லை. உள்ளே தையல் இயந்திரத்தைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார் தங்கை. "கதவு பூட்ட மாட்டேங்குதுண்ணே" என்றார்.

ஏன் பூட்டவில்லை? அந்த வீட்டுக்குச் சாவித்துளை கிடையாது, தாழ்ப்பாள் கிடையாது. பழசு என்று அவரே கழற்றிப் போட்டுவிட்டு, வேலையைக் கணினியிடம் ஒப்படைத்துவிட்டார். அவர் சாவிக்கொத்தில் ஒரு மின்னணு வில்லை, தங்கையின் பையில் ஒரு வில்லை. ஆறு மணிக்குமேல் இரண்டு வில்லையும் வீட்டுக்குள் வந்தால் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். ஒன்று வரவில்லை என்றால் வீடு காத்திருக்கும்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். கூரையிலிருந்து அவர் குரல் கேட்டது.

"நான் இன்னும் வீட்டுக்கு வரலை. கதவு திறந்திருக்கு."

என் கையிலிருந்த தண்ணீர் சட்டையெல்லாம் கொட்டியது. பதிவு செய்து வைத்த குரல்தான், தெரியும். தெரிந்தால் மட்டும் பயம் போய்விடுமா? அரை மணிக்கு ஒரு முறை, தூங்கப் போகும்வரை, அன்றோடு எட்டு நாளாக அந்தக் குரல் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. "தச்சரைக் கூப்பிட்டு ஒரு தாழ்ப்பாள் போட்டுடலாம்மா" என்றேன். "தாழ்ப்பாள் போட்டா சத்தம் நிக்குமாண்ணே?" என்றார்.

எனக்கு ரோஷம் வந்தது. எழுந்துபோய் மெயின் சுவிட்சை அணைத்தேன். வீடு இருட்டானது. மூன்று எண்ணுவதற்குள், தலைக்கு மேலே, மிகப் பிரியமாக:

"கரண்ட் போயிடுச்சு. பயப்படாத. நான் இருக்கேன்ல."

தங்கை அசையவில்லை. "முதல் நாள் நானும் இதைத்தான் பண்ணேண்ணே. பேட்டரி வச்சிருக்கார்" என்றார்.

அவர் அக்கறை இல்லாத மனிதரா? இல்லவே இல்லை! தனக்கு ஏதாவது ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று அறுபத்தோரு படிகள் எழுதி, அலமாரியில் மனைவி கண்ணில் படும்படி ஒட்டிவைத்திருந்தார். அழகான கையெழுத்து. முதல் படி என்ன தெரியுமா? "வழக்கம்போல உள்ளே நுழையவும்."

யாருக்கு வழக்கம்? எதன் உள்ளே? எந்தக் கடவுச்சொல்லோடு? அதற்கு முந்தைய படி எதுவும் தாளில் இல்லை. பின்பக்கமும் புரட்டிப் பார்த்தேன்.

இணைய நண்பர்களே, உங்களில் இருவர் ஓடி வந்து உதவினீர்கள், நன்றி. பல் மருத்துவர் ஐயா "ரொம்ப ஈஸிக்கா, ஒரு வரி மாத்தினா போதும்" என்றாராம். மருந்துக்கடைக்காரர், அந்த முறையே தப்பு என்றாராம். இருவரும் ஒரு மணி நேரம் வாதாடினீர்கள். தங்கைக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. இவர் என்ன, எழுத்தறியாதவரா? இருபத்தெட்டு ஆண்டு அறுவை அரங்கில் நின்ற செவிலியர்! டாக்டர் கை நீட்டுமுன் கத்தி அந்தக் கையில் இருக்கும். அவர் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "புதுசா வர்ற நர்ஸுக்கு முதல்ல கை கழுவத்தான் சொல்லிக்குடுப்போம். தெரிஞ்சிருக்கும்னு விட மாட்டோம்ணே. விட்டா ஆள் செத்துடும்."

இணைய நண்பர்களை மட்டும் சொல்லவில்லை. நம் பக்கத்துக்கும் அதே குட்டுதான். அவர் செய்யச் செய்ய நாம் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தோம்.

நேற்று அவர் மேசையைக் காலி செய்தேன். இழுப்பறையில் சாவிக்கொத்து கிடந்தது. இதோ, என் கையில். இந்த வில்லைக்காகத்தான் அந்த வீடு காத்திருக்கிறது. "இதைக் கொண்டுபோய் வீட்ல வச்சுட்டா முடிஞ்சது தங்கச்சி, கதவு பூட்டிக்கும்" என்றேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பித் தந்தார்.

பிறகு சொன்னார்: "வச்சுட்டா, அவர் உள்ளேதான் இருக்கார்னு வீடு நினைச்சுக்கும். தினமும் சாயங்காலம் அவர் வந்துட்டதா சொல்லும். எத்தனை வருஷத்துக்குண்ணே? யாரோ வந்து ஒரு நொடில நிறுத்திட்டுப் போகவும் வேண்டாம். நான் கத்துக்கிட்டு, நானே நிறுத்துறேன். ஆனா அதுக்கு முன்னாடி அவர் ஒரு தடவை வீட்டுக்கு வரட்டும்."

அவையோரே! இதற்குமேல் நாம் என்ன உறுதி எடுப்பது? வரும் ஞாயிறு முதல் பல் மருத்துவர் தங்கைக்கு இடப்பக்கம், மருந்துக்கடைக்காரர் வலப்பக்கம். விசைப்பலகையில் தங்கையின் விரல் மட்டுமே படும். புதுத் தாள் ஒன்று எழுதுவோம். கணினியின் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதில் அது தொடங்கும். "வழக்கம்போல" என்ற சொல் அதில் வராது. பின்னால் ஒரு நாற்காலி போட்டு நானும் உட்காருவேன். மூன்று மாதம் ஆனாலும் ஆகட்டும். ஒருநொடியாருக்கு நாம் செய்யும் அஞ்சலி அதுதான்!

மணி ஐந்தே முக்கால். நாங்கள் போய்ச் சேரும்போது ஆறு தாண்டியிருக்கும். வாசற்படியை இந்த வில்லை கடந்ததும் வீடு என்ன சொல்லும் என்று தங்கையிடம் கேட்டேன். பத்து வருடமாகக் கேட்ட வார்த்தையாம்: "வந்துட்டேன். கதவைப் பூட்டிடறேன்."

அதன்பின் அந்தக் கதவு பூட்டும். உள்ளே இவர் மட்டும் இருப்பார்.

எழுந்திரிங்க தங்கச்சி. அவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம்.