எடுத்துவிட்ட கேள்வி

— அசையாதேக்கா. மூச்சு மட்டும் விடு.

— அதையாவது விடலாமா? ரொம்பத் தாராள மனசுடா உனக்கு.

— பேசினாலும் வயிறு அசையும். அதாவது, அந்த அசைவெல்லாம் திரையில ஓடற கோட்டுல குப்பையா வந்து விழும். ப்ச். மறுபடியும் அதேதான். கட்டில்ல நீ ஒருத்திதானே படுத்திருக்கே?

— இல்ல, உங்க மாமாவையும் பக்கத்துல ஒளிச்சு வச்சிருக்கேன். என்னடா கேள்வி இது?

— வேற யாராவது தொட்டுட்டு இருந்தா இப்படித் தப்புத்தப்பா வரும், அதான் கேட்டேன். போர்வைக்குள்ள போனு கீனு வச்சிருக்கியா?

— போன் உன் மேஜையில கிடக்கு. காலையிலேர்ந்து பட்டினி போட்டு, நெஞ்சுல பாதி, வயித்துல பாதின்னு ஒயரா ஒட்டி வச்சிருக்கே. மின்கம்பம் சாஞ்ச மாதிரி கிடக்கறேன். இதுல விசாரணை வேற.

— சாயங்காலம் டாக்டரம்மா வர்றாங்கக்கா. வயித்துத் தாளத்தை அளக்கற இந்த மெஷினை அவங்க பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் இது ஆஸ்பத்திரிக்குள்ள போகும். இல்லேன்னா, வேலையை விட்டுட்டு இத்தனை நாளா இந்த ரூம்ல உக்காந்து நான் கிழிச்சதெல்லாம் வீண்.

— தெரியும்டா. அதனாலதானே மருந்துக்கடைக்கு லீவு சொல்லிட்டு வந்து கிடக்கறேன். சொல்லு, என்ன பண்ணுது உன் செல்லப்பிள்ளை?

— இதயம் தெளிவா வருது. அது எப்பவும் மைக்கு பிடிச்சுப் பேசற ஆளு. வயிறு அப்படி இல்ல, கடைசி வரிசையில உக்காந்து முணுமுணுக்கற ஆளு. நிமிஷத்துக்கு மூணு தடவை முணுமுணுக்கும், அவ்வளவுதான். உன் வயிறு ஒருநாளும் அதைத் தாண்டினதில்ல. உன் கோட்டைக் காட்டித்தானே மெஷினுக்கு, ‘நல்ல வயிறுன்னா இப்படி இருக்கணும்’னு சொல்லிக் கொடுத்ததே. இன்னிக்கு அஞ்சு காட்டுது.

— பசியில புலம்புதோ என்னவோ.

— பசிச்சாலும் மூணுதான். அதாவது, தாளம் மாறாது. ஒயரை மாத்திட்டேன், பிளக்கை மாத்திட்டேன், ஒயருக்கு அடியில தடவற ஜெல்லையும் மாத்திட்டேன்.

— அந்த ஜெல்லைக் கொஞ்சம் தூர வை. அந்த நாத்தம் குடலைப் புரட்டுது.

— இதுக்கு ஏதுக்கா நாத்தம்? பச்சைத் தண்ணி மாதிரி இருக்கு.

— உன் மூக்கு அடைச்சிருக்கு.

— பேச்சை மாத்தாதே. இதயமும் வழக்கத்தைவிட வேகமாத்தான் ஓடுது. ரெண்டும் சேர்ந்து தப்புன்னா, மெஷினுக்குள்ள இருக்கற கடிகாரம் கெட்டுப் போச்சுன்னு அர்த்தம். முடிஞ்சது கதை. டாக்டரம்மாவை வர வேணாம்னு சொல்லிடறேன்.

— போனைக் கீழ வைடா. இந்த ஒயரை உன் வயித்துல ஒட்டிப் பார்த்தியா?

— என் வயித்துலயா?

— ஏன், உனக்கு வயிறு இல்லையா? சட்டைப் பட்டன் தெறிக்கற அளவுக்கு வளர்த்து வச்சிருக்கியே. வா, வந்து படு. மெஷின்கிட்ட நான் உக்காரறேன்.

— நான் காலையில சாப்பிட்டுட்டேனே.

— அடப்பாவி. என்னைப் பட்டினி போட்டுட்டு நீ சாப்பிட்டியா?

— காய்ஞ்ச ரொட்டிதான்க்கா.

— படுடா.

— ஜில்லுன்னு இருக்கு.

— விஞ்ஞானி, அசையாதே. மூச்சு மட்டும் விடு.

— எவ்வளவு காட்டுது?

— இரு, இப்பத்தானே ஓட ஆரம்பிச்சிருக்கு. அவசரத்துக்குப் பொறந்தவனே. ம். மூணு.

— நல்லாப் பாருக்கா.

— மூணுதான்டா. பள்ளிக்கூடத்துக்கு வரிசையில போற பிள்ளைங்க மாதிரி ஒழுங்காப் போகுது. இதயமும் நிதானமா இருக்கு.

— அப்ப மெஷின் நல்லா இருக்கு. அக்கா, என் மெஷின் நல்லா இருக்குக்கா.

— இருக்கு, இருக்கு. படுத்துக்கிட்டே குதிக்காதே, ஒயர் பிச்சுக்கும்.

— இரு. மெஷின் நல்லா இருக்குன்னா, உன் வயிறுதான்...

— ம்.

— உனக்கு என்னக்கா பண்ணுது? உண்மையைச் சொல்லு. நெஞ்சு படபடக்குதா?

— மாடி ஏறினா, லேசா.

— சாப்பாடு?

— கொஞ்ச நாளா எதைப் பார்த்தாலும் குமட்டுது. கடையில இருமல் மருந்து பாட்டிலைத் திறந்தாலே வெளிய ஓடிடறேன்.

— இதை இப்பச் சொல்றியா? நான் ஒரு கூறுகெட்டவன். மெஷினைப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்தேன், படுத்திருக்கற மனுஷியை ஒரு வார்த்தை கேக்கலையே. சர்க்கரை வந்திருக்குமோ? சர்க்கரை இருந்தாலும் தாளம் கெடும். இல்ல, புதுசா ஏதாவது மாத்திரை சாப்பிட்டியா?

— சர்க்கரை போன மாசம்தான் பார்த்தேன், இல்ல. மாத்திரையும் இல்ல. மூணாவது என்ன?

— எது மூணாவது?

— உன் மெஷின் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பொம்பளைங்ககிட்ட மூணு கேள்வி கேக்கும். சர்க்கரை இருக்கா, மாத்திரை சாப்பிடறீங்களா, அப்புறம் இன்னொண்ணு. இப்பல்லாம் ரெண்டோட நின்னுடுது.

— அது... திரை சின்னதுக்கா. இடம் பத்தலை.

— ஒயரை ஒட்டிக்கிட்டுப் பொய் சொல்லாதேடா. உன் இதயம் எகிறுது, இங்க தெரியுது.

— சரி, நான்தான் எடுத்துட்டேன். ஒவ்வொரு தடவையும் ‘கர்ப்பமா இருக்கீங்களா’ன்னு அது கேக்கறதும், நீ ‘இல்லை’யை அமுக்கறதும், பக்கத்துல நின்னு பார்க்க முடியலை. கல்யாணமானதிலேர்ந்து ஊரே உன்னைக் குடையற கேள்வி. நான் செஞ்ச மெஷினும் கேக்கணுமா?

— எடுத்த அன்னிக்கே கவனிச்சேன்டா. வீட்டுக்குப் போய் உங்க மாமாகிட்டச் சொல்லிச் சொல்லி அழுதேன். இப்படி ஒரு தம்பி கிடைச்சானேன்னு.

— என்கிட்டச் சொல்லவே இல்லையே.

— நீ சொன்னியா?

— அக்கா... அந்தக் கேள்வியை இப்பக் கேட்டா?

— கேக்காதே. நானே இன்னும் என்னைக் கேட்டுக்கலை. தள்ளிப் போயிருக்கு. முன்னாடியும் இப்படி நாள் தள்ளிப் போயிருக்கு, நம்பி நம்பி ஏமாந்ததுதான் மிச்சம். பரிசோதனை டப்பா ஒண்ணு வாங்கிப் பையில போட்டேன். பிரிக்கப் பயமா இருக்கு, அப்படியே தூக்கிட்டுத் திரியறேன்.

— பை எங்க?

— கதவுல தொங்குது.

— போக்கா. எழுந்திரு, போ. பாத்ரூம் ஸ்விட்ச் வெளிப்பக்கம் இருக்கு.

— நீ இங்கயே இரு. உங்க மாமாவுக்கு போன் பண்ணிடாதே.

— பண்ணலை. போ.

— ...டேய், யாரது கதவுகிட்ட? ஒயரோடயா எழுந்து வந்துட்டே?

— நீளமான ஒயருதான்க்கா. என்ன ஆச்சு?

— இப்பத்தானேடா வச்சேன். கொஞ்சம் பொறு.

— பொறுக்கறேன். ...அக்கா? அழறியா? இங்க பாரு, எதுவும் இல்லேன்னாலும் பரவாயில்ல. சாயங்காலம் வர்ற டாக்டரம்மாகிட்டயே உன்னைக் காட்டுவோம். மெஷின் கிடக்கு கழுதை, அப்புறம் பார்த்துக்கலாம். நான் இருக்கேன்க்கா. ஒரு கோடா, ரெண்டு கோடா, அதை மட்டும் சொல்லு.

— கட்டில்ல நீ ஒருத்திதானேன்னு கேட்டியே தம்பி, அதை இப்பக் கேளு.