அக்கா வாய் திறக்காத காடு

கண்டிப்புக்குப் பெயர்போன தலைவர் அவர்களே! பயணங்கள் பல கண்டு, மூட்டுவலியும் கொண்டு, முன்வரிசையை மட்டும் விட்டுக்கொடுக்காத மூத்தோர்களே! பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுக் கணவர்களை மட்டும் கையோடு அழைத்து வந்திருக்கும் தாய்மார்களே! வலப்பக்கம் அமர்ந்து "காடு, காடு" என்று கர்ஜிப்பவர்களே! இடப்பக்கம் அமர்ந்து "கலை, கலை" என்று கொதிப்பவர்களே! முடி அலங்கார நிலையம் நடத்தும் இந்தச் சகோதரியின் பணிவான வணக்கம்!

வெயிலும் மழையும் மாறிமாறி விளையாடும் அந்த வெப்ப நாட்டுக்கு நம் பயணக் குழு போகப்போகிறது. தேசியப் பூங்காக்களைப் பார்ப்பதா, ஆட்டத்தையும் பாட்டையும் பார்ப்பதா? இதற்குத்தானே இத்தனை அமளி? சென்ற ஆண்டு அதே நாட்டுக்குப் போவது பற்றி இதே சண்டை என் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது.

அக்கா, பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். ஒலிபெருக்கி பழுதானாலும் பேருந்துகள் தவறாமல் கிளம்பும்! அத்தான், சாவி செய்பவர். கடையில் அவர் திறக்காத பூட்டில்லை. வீட்டில் அவர் திறந்த வாயில்லை! நீங்கள் ஏனம்மா உங்கள் வீட்டுக்காரரைப் பார்க்கிறீர்கள்?

மேசைமேல் வரைபடம். அத்தான் பச்சைப் பகுதியில் விரலை வைத்தார். "குரங்கு பாக்கலாம்" என்றார். அந்த வாரத்தில் அவர் ஆற்றிய மிக நீண்ட சொற்பொழிவு அதுதான். அக்கா பொங்கினாள்.

"குரங்கு பாக்க அவ்வளவு தூரம் போகணுமா? அங்க மரத்துல முகமூடி செதுக்குறாங்க, ஊரே கூடி மேளம் அடிச்சு ஆடுது. அதை விட்டுட்டு கொசுக்கடி வாங்கச் சொல்றீங்களா?"

"மேளம் வேண்டாம். தலைவலி."

"அப்ப நான் பேசுறதும் தலைவலியா?"

'இல்லை' என்று சொல்லியிருக்கலாமே! மூன்றே எழுத்துதானே! சொன்னாரா? வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷமா சுவரோட குடும்பம் நடத்திட்டேன். போய்ட்டு வந்தும் இப்படியேதான்னா, நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுறேன்."

அழவில்லை, கத்தவில்லை, அமைதியாகச் சொன்னாள். தங்கச்சி யார்? நான்! என் வீட்டில் ஒரே அறை. அதிலும் ஏற்கெனவே ஒருவர் குறட்டை விடுகிறார்! விடுவேனா? காட்டுக்கு ஒரு நாள், கலைக்கு ஒரு நாள் என்று தீர்ப்புச் சொல்லி, நானும் கூடவே கிளம்பினேன்.

முதலில் காடு. வாசலிலேயே வழிகாட்டிப் பெண், "உள்ளே யாரும் பேசக் கூடாது" என்றாள். அக்கா உதட்டை மடித்துக்கொண்டாள். ஓங்கிய மரங்கள்! ஒழுகும் இலைகள்! ஒரு கிளையில் குட்டியை அணைத்தபடி தாய்க்குரங்கு! அத்தான் குரங்கைப் பார்த்தாரா? அக்காவைப் பார்த்தார்! மரத்தடியில் பார்த்தார், மரப்பாலத்தில் பார்த்தார். அந்த வாய் அசையவே இல்லை.

"உடம்பு முடியலையா?" என்று கிசுகிசுத்தார். இல்லையென்று தலையசைத்தாள்.

"கோபமா?" கிளையிலிருந்த குரங்கைக் கைகாட்டினாள்.

"நெஜமாவே போயிடுவியா?"

அக்கா உதட்டில் விரலை வைத்தாள். அவள் சொன்னது பூங்காவின் விதியை. அவருக்குக் கேட்டதோ தன் தலைவிதி!

"ஏதாவது பேசுடி! நீ பேசலைன்னா எனக்கு மூச்சு முட்டுதுடி!"

காடே அதிர்ந்தது! குரங்குகள் தாவி ஓடின, பறவைகள் பதறிப் பறந்தன, வழிகாட்டிப் பெண் எங்கள் மூவரையும் வெளியே அனுப்பினாள். கைதட்டாதீர்கள் ஐயா, அவரோடு சேர்த்து எனக்கும் அல்லவா காடு போயிற்று!

மறுநாள் மேளம். பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காத பேரொலி. அக்கா ஆட்டத்தைப் பார்த்தாளா? எப்படிப் பார்ப்பாள்? யாருக்கும் கேட்காது என்ற துணிச்சலில், அத்தான் அவள் காதோரம் குனிந்து பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார்! என்ன பேசினார்? நானும் கேட்டேன். "உனக்கெதுக்குடி அதெல்லாம்?" என்று முகம் சிவந்தாள். என் வீட்டுக்கு மட்டும் இன்றுவரை குடிவரவில்லை.

காட்டணியினரே, கலையணியினரே! அவர்கள் முழுதாகக் கண்டது காடா? கலையா? இரண்டுமில்லை! ஆனால் அதைவிட நல்ல பயணம் போனவர் இந்த அரங்கில் யார்? குரங்கைப் பாருங்கள், கூத்தைப் பாருங்கள். பக்கத்து இருக்கையில் வருபவரைப் பார்க்காமல் மட்டும் ஊர் திரும்பாதீர்கள்!

வாக்கெடுப்பில் நான் இரண்டு கைகளையும் தூக்கப்போகிறேன். எந்தப் பக்கம் என்பதைத் தலைவரே எண்ணிக்கொள்ளட்டும். சிரித்த வாய்களுக்கு நன்றி, சிரிப்பை அடக்கிக்கொண்ட கணவர்களுக்குக் கூடுதல் நன்றி. வணக்கம்!