உண்டியலில் போட்ட மூக்குக்கண்ணாடி

எழுதிப் பழக்கமில்லாதவன் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கிள்ளான் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு லோரி டிரைவரும் அவர் மனைவியும் கண் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

“சிக்னல்ல ஒரு விளக்கே மூணா தெரியுது லா.”

“லேசர் பண்ணி மூணு வருஷம் நல்லாத்தானே இருந்துச்சு?”

“இப்பதான் இப்படி. என் பழைய கண்ணாடி எங்க?”

“இனிமே வேணாம்னு பத்துமலை உண்டியல்ல போட்டீங்களே, முருகன்கிட்ட கேளுங்க. அதுவும் இப்ப சேராதுன்னு டாக்டர் சொன்னாருல்ல.”

“ம்.”

“நாளைக்கு லோரி எடுக்கக்கூடாது. பாஸ்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை போர்ட் கிள்ளான் சாலையில் ஒரு லோரி எங்கள் பஸ்ஸை ஒட்டி நின்றது. வேறொருவர் ஓட்டினார். நேற்று பஸ்ஸில் வந்த டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார்.